எறும்புக்கு ஒரு ஃபோர்க்லிஃப்ட்

சரக்கு தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி என்ன விலை என்று கேட்கத்தான் அவள் போனாள். பழைய இயந்திரங்களை வாங்கி விற்கிற அந்த வியாபாரி விலையைச் சொல்லவில்லை. உங்கள் கிடங்கு வாசல் எவ்வளவு உயரம் என்று திருப்பிக் கேட்டார். தெரியாது என்றாள். தரை சிமெண்டா, கல்லா? சிமெண்ட்தான், ஆனால் அங்கங்கே வெடித்திருக்கிறது. லாரி உள்ளே வருமா, முற்றத்தில் நிற்குமா? முற்றத்தில். வண்டி டீசலா, கேஸா, பேட்டரியா? பேட்டரி என்றால் சார்ஜ் போடுவதற்குத் தக்க கரண்ட் கிடங்கில் இருக்கிறதா? அவளுக்குத் தலை சுற்றியது. அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

“சட்டை எடுக்க வந்துட்டு ஆளைக் கூட்டிட்டு வராத மாதிரி இருக்கும்மா. வண்டி யாருக்கு?”

“எங்க வீட்டுக்காரருக்கு.”

“அவருக்கு ஓட்டத் தெரியுமா?”

“தெரியாதுங்க. அவருக்கு சும்மா நிக்கவும் தெரியாது. அதனாலதான் வந்தேன்.”

வியாபாரி சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்துவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னார்.

கடைத்தெருவில் அவள் கணவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எறும்பு என்றால்தான் தெரியும். தன் எடையைவிட அதிகம் தூக்குவார். வெறுங்கையோடு நடக்கமாட்டார். வழியில் எதுவாவது கிடந்தால் அதை எடுத்து வேறோர் இடத்தில் வைத்துவிட்டுத்தான் நகர்வார். லாரியில் சரக்கு இறக்குகிற கூலியாகத் தொடங்கியவர். இப்போது சொந்தமாக டைல்ஸ் கிடங்கு. டைல்ஸ், வாஷ்பேசின், டாய்லெட் பீங்கான் என்று கூரையை எட்டுமளவுக்கு அடுக்கியிருக்கும். முதலாளி ஆனபிறகு கல்லாவில் உட்காருவார் என்று அவள் நினைத்தாள். கல்லாவில் அவள்தான் உட்கார்ந்தாள். அவர் கூலியாட்களான நெட்டையோடும் நெட்டையின் மச்சானோடும் மூன்றாவது ஆளாக நின்று பெட்டி இறக்கினார்.

கம்பெனியிலிருந்து சரக்கு வரும்போது பேலட் என்கிற மரத்தட்டின்மேல் மொத்தமாகக் கட்டித்தான் வரும். மொத்தமாகத் தூக்குவதற்கு வண்டி இல்லாததால், லாரியின் மேலேயே பிளாஸ்டிக் உறையைக் கிழித்து ஒவ்வொரு பெட்டியாகத் தோளுக்கு மாற்றுவார்கள். இறக்கி வைக்குமுன் எறும்பு ஒவ்வொரு பெட்டியையும் லேசாகக் குலுக்குவார். உள்ளே ஒரு டைல் விரிசல் விட்டிருந்தாலும் அந்தக் குலுக்கலில் கைக்குத் தெரிந்துவிடும் என்பார். இருபது வருஷமாக அப்படிக் குலுக்கியதில் டைல்ஸ் தப்பித்தது. முதுகு தப்பவில்லை.

எலும்பு டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இரண்டு முள்ளெலும்புக்கு நடுவே இருக்கிற மெத்தை பிதுங்கி வெளியே வந்து, இடது காலுக்குப் போகிற நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது. அறுவை சிகிச்சை இப்போது வேண்டாம், மாத்திரையும் பயிற்சியும் போதும், ஆனால் தூக்கக்கூடாது என்றார். கொஞ்சமாகக்கூடவா என்று எறும்பு கேட்டதற்கு டாக்டர் அவரைப் பார்க்காமல் அவளைப் பார்த்துப் பதில் சொன்னார்.

“இனி இவர் ஒரு பெட்டியைத் தூக்கினா, அடுத்த தடவை இவரை நாலு பேர் தூக்கிட்டு வருவாங்க. கால் போச்சுன்னா திரும்ப வராதும்மா.”

எறும்பு நல்ல பிள்ளை மாதிரித் தலையாட்டினார்.

வீட்டில் படுத்திருக்கச் சொன்னால் படுத்திருக்கிறார். அவள் கிடங்குக்குப் போய் ஷட்டரைத் திறந்து, கல்லாவைத் துடைத்துவிட்டுத் தலையை நிமிர்த்தினால் வாசலில் நிற்கிறார். சும்மா காற்றுக்கு வந்தேன் என்பார். காற்று வீட்டில் இல்லையா என்று கேட்டால், அது சும்மா இருக்கிற காற்று என்பார். மறுநாள் ஷட்டர் சாவியையே ஒளித்துவைத்துக் கிடங்கைத் திறக்காமல் விட்டுப் பார்த்தாள். வேலைக்கு வந்த நெட்டையும் மச்சானும் பூட்டின வாசலில் நின்றதுதான் மிச்சம். சாயங்காலம் அவர் சட்டையைத் துவைக்கப் போடும்போது தோள்பட்டையில் அட்டைத்தூள் ஒட்டியிருக்கும். கேட்டால் பெட்டிமேல் சாய்ந்தேன் என்பார். அவளுக்கு அவர் சொல்வதைவிட அவர் கால் சொல்வதில்தான் நம்பிக்கை. தூக்காத நாட்களில் அவர் நடப்பது கேட்காது. தூக்கிய நாட்களில் இடது பாதம் தரையில் பட்டென்று தட்டையாக விழும். அடுப்பங்கரையில் நின்றுகொண்டு அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருப்பது அவளுக்கு வேலையாகிப்போனது. கூடத்திலிருந்து அறைக்கு, அறையிலிருந்து வாசலுக்கு. பட். பட். உட்காரவே மாட்டாரா இந்த மனுஷன்?

இதற்கு நடுவில் நாத்தனார் வந்தாள். எறும்புக்கு மூத்தவள். செருப்பை விடும்போதே பேச்சைத் தொடங்கிவிடுகிற பழக்கம். தம்பி இளைத்துப்போனான், தம்பி முகத்தில் களையே இல்லை, ஊரெல்லாம் கேட்கிறார்கள் என்று அடுக்கிவிட்டு, கடைசியில் வந்த விஷயத்துக்கு வந்தாள்.

“ஏம்மா, என் தம்பியைக் கட்டில்ல கட்டிப்போட்டுட்டு நீ கல்லாவுல ராஜாங்கம் பண்றியாமே?”

“கட்டித்தான் போடணும் அண்ணி. நல்ல கயிறு கிடைக்கல. உங்க வீட்டுல இருந்தா குடுங்க.”

நாத்தனாருக்கு வாயடைத்தது. அது அபூர்வம். உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. எறும்பு எழுந்து நாத்தனார் கொண்டுவந்த பையைத் தூக்கி உள்ளே வைக்கப் போய்விட்டார். அவள் பாய்ந்து பிடுங்கினாள். பையில் பழம்தான் இருந்தது. இருந்தாலும் அவளே உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

அன்றைக்குத்தான் அவள் வியாபாரியைத் தேடிப் போனாள். விலை தெரிந்துகொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில் சொன்னபோது எறும்பு சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அந்தக் காசுக்கு நாலு ஆளைப் போட்டால் வருஷக்கணக்காக ஓடுமே என்றார். கணக்குப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். கணக்கைத்தான் அவள் பார்க்கவில்லை.

“நாலு ஆளைப் போட்டா நீங்க அஞ்சாவதா போய் நிப்பீங்க. நாப்பது பேரைப் போட்டாலும் நாப்பத்தொண்ணாவது நீங்கதான். தூக்கறதுக்கே ஒண்ணும் இல்லைன்னாதான் நீங்க தூக்கமாட்டீங்க.”

எறும்பு தட்டில் விரலால் கோலம் போட்டார். கை படாமல் சரக்கு உள்ளே வந்தால் உடைந்தது எப்படித் தெரியும் என்று ஒரு தரம் கேட்டார். பிரிக்கும்போது தெரியும் என்றாள். அப்புறம் கை கழுவிவிட்டு வந்து, வாங்கினால் தான்தான் ஓட்டுவேன், வேறு யாரும் தொடக்கூடாது என்றார். அவள் சரி என்றாள். அவ்வளவு சுலபமாக முடிந்ததே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. முடியவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

வீட்டு மாடி கட்டுவதற்கென்று ஒதுக்கிய பணம் ஒன்று இருந்தது. மொட்டைமாடியில் கம்பிகள் நீட்டிக்கொண்டு துருப்பிடிக்கத் தொடங்கி வருஷங்கள் ஆகின்றன. இன்னும் கொஞ்ச நாள் துருப்பிடிக்கட்டும் என்று அந்தப் பணத்தை எடுத்தார்கள். மூடிப்போன ஒரு தொழிற்சாலையிலிருந்து வந்த மஞ்சள் வண்டி அது. வியாபாரி சத்தியம் பண்ணாத குறையாக நல்ல வண்டி என்றார். வண்டி நல்ல வண்டிதான். பேட்டரிதான் கிழடு. புதுப் பேட்டரியின் விலை கேட்டபோது, ஏறக்குறைய இன்னொரு வண்டிக்குப் பக்கத்தில் வந்தது. அதையும் வாங்கிப் போட்டபிறகு, சார்ஜ் போடப் புது மின்இணைப்பு. வண்டியின் முன்பக்கத்தில் நெட்டுக்குத்தாக நிற்கிற கம்பத்தை எவ்வளவு இறக்கினாலும் வாசலைவிட ஒரு சாண் உயரம். கொத்தனார் வந்து வாசல் தலையை உடைத்தார். உடைக்கும்போது ஷட்டர் கோணியது. புது ஷட்டர். அதற்குள் வண்டி மூன்று நாள் முற்றத்தில் படுதா போர்த்திக்கொண்டு நின்றது. எறும்பு அந்தப் படுதாவைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டுப் போவார். பையனுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்த மாதிரி இருக்கிறது என்று நெட்டை சொன்னான்.

பழக்கிக்கொடுக்க வியாபாரி ஒரு பயிற்சிக்காரரை அனுப்பினார். வண்டி ஒன்றுக்கு ஓட்டத் தெரிந்தவர் இரண்டு பேராவது வேண்டும், ஒருவருக்கு முடியாமல்போனால் வேலை நின்றுவிடும் என்பது அவர் கட்சி. நெட்டையைக் கேட்டால் தன் உயரத்துக்கு அந்தக் கூரை தலையில் இடிக்கும் என்றான். மச்சான் தனக்கு ஆட்டோவில் உட்கார்ந்தாலே மயக்கம் வரும் என்று ஓடிவிட்டான். வேறு வழியில்லாமல் அவள் உட்கார்ந்தாள். ஒப்புக்குத்தான். எறும்பு அவள் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு, இந்த வேகத்தில் போனால் சரக்கு உள்ளே போவதற்குள் டைல்ஸ் டிசைன் பழசாகிவிடும் என்று கேலி பண்ணினார். அவருக்கு அப்போது நல்ல மனநிலை.

பயிற்சிக்காரர் திரும்பத் திரும்ப ஒன்றைச் சொன்னார். இது கார் இல்லை. பின்சக்கரம்தான் திரும்பும். வால் வீசும். பேலட்டைத் தூக்கிக்கொண்டால் முன்னால் ஒன்றும் தெரியாது. அதனால் பின்னோக்கித்தான் ஓட்ட வேண்டும். இடுப்பிலிருந்து திரும்பி, தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்து ஓட்ட வேண்டும். யாராவது பக்கத்தில் வந்தால் வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

சான்றிதழ் இரண்டு பேருக்கும் கிடைத்தது. எறும்பு தன்னுடையதைக் கல்லாவுக்கு மேலே மாட்டினார். அவளுடையது மேஜை இழுப்பறைக்குள் போனது. அன்றைக்கே மோட்டார்சைக்கிள் கடைக்குப் போய் இரண்டு கண்ணாடி வாங்கிவந்து வண்டியின் இரண்டு பக்கமும் முறுக்கினார். ஒன்று வட்டம், ஒன்று சதுரம். அலங்காரம் பண்ணுகிறார் என்று அவள் நினைத்தாள். ஆசைப்பட்டு வாங்கினதுக்குப் பொட்டு வைத்துப் பார்க்கிற மாதிரி.

முதல் லாரிகள் வந்தன, போயின. நெட்டையும் மச்சானும் லாரியின்மேல் நின்று பேலட்டைக் காட்டினால் போதும். எறும்பு வண்டியின் இரண்டு இரும்புக் கைகளையும் மரத்தட்டுக்குள் நுழைப்பார், தூக்குவார், இறக்குவார். அரை நாள் வேலை ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்தது. கடைத்தெருக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். எறும்புக்கு இறக்கை முளைத்துவிட்டது என்றார்கள். அவள் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டையில் அட்டைத்தூள் இல்லை.

ஆனால் கால் மட்டும் தட்டியது. முன்னைவிட அதிகமாகத் தட்டியது. கூடத்திலிருந்து அறைக்கு, பட், பட். எங்கேயாவது ஒளித்து வைத்துத் தூக்குகிறாரோ என்று நெட்டையைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தாள். அண்ணன் ஒரு பெட்டியைக்கூடத் தொடவில்லை, வண்டியை விட்டு இறங்குவதே இல்லை என்று நெட்டை சொன்னான். அவன் பொய் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டு அவனைத் திட்டினாள். பாவம், அவன் எதற்குத் திட்டு வாங்குகிறோம் என்று தெரியாமலே வாங்கிக்கொண்டு போனான்.

அன்றைக்கு டாய்லெட் பீங்கான் வந்திருந்தது. உயரமான அட்டைப்பெட்டிகள். பேலட்டைத் தூக்கினால் ஓட்டுகிறவர் கண்ணுக்குமுன் அட்டைச் சுவர்தான். எறும்பு லாரியிலிருந்து ஒரு பேலட்டை எடுத்துக்கொண்டு வண்டியைப் பின்னோக்கி ஓட்டி வந்துகொண்டிருந்தார். பின்பக்கத்தில் நெட்டை, அறுத்துப்போட்ட பிளாஸ்டிக் பட்டைகளைக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தான். கல்லாவிலிருந்து அவளுக்கு இருவரையும் தெரிந்தது. இப்போது திரும்பிப் பார்ப்பார், இப்போது பார்ப்பார் என்று காத்திருந்தாள். எறும்பு நேரே நிமிர்ந்து உட்கார்ந்தபடி, கழுத்துகூட அசையாமல், வட்டக் கண்ணாடியையும் சதுரக் கண்ணாடியையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு வந்தார். வண்டியின் வால் வீசியது. அவள் எழுந்து கத்தினாளா இல்லையா என்பது அவளுக்கு நினைவில்லை. நெட்டை எதனாலோ நிமிர்ந்தான். ஒரே தாவாகத் தாவினான். வண்டியின் பின்பக்கம் அவன் குனிந்திருந்த இடத்தின் வழியாகப் போய், வாஷ்பேசின் அடுக்கில் மோதி நின்றது. அடுக்கு ஒரு மூச்சு யோசித்தது. பிறகு சரிந்தது.

சத்தம் அடங்கியபின் நெட்டை தன் கால்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அப்புறம் சமாளித்துக்கொண்டு சொன்னான், வாழ்க்கையில் முதல்தடவையாக உயரமாகப் பிறந்ததற்குப் பிரயோஜனம் இருந்தது, கால் நீளம் உதவியது என்று. யாரும் சிரிக்கவில்லை. மச்சான் லாரியின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

அவள் வண்டியருகே போனாள். திட்டத்தான் போனாள். கிட்டே போனதும், எறும்பு இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இறங்கத் தெரியாதவர்போல உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். மேலுதட்டில் வேர்வை.

“திரும்ப முடியலையா?”

அவர் சதுரக் கண்ணாடியைப் பார்த்தார்.

“எப்போலேருந்து?”

“முதல் நாள்லேருந்தே.”

“அதுக்குத்தான் கண்ணாடியா?”

“பழகிடும்னு நெனச்சேன்,” என்றார். “இந்தத் தரையில ஒவ்வொரு வெடிப்புலயும் ஏறி இறங்கறப்ப கத்தியால குத்தற மாதிரி இருக்கு. நீ மாடிப் பணத்தையெல்லாம் போட்டு வாங்கியிருக்க. எப்படிச் சொல்றது?”

நெட்டையும் மச்சானும் இரண்டு பக்கமும் பிடித்து அவரை இறக்கினார்கள்.

எலும்பு டாக்டருக்கு முதலில் புரியவே இல்லை. இனி தூக்கமாட்டார், வண்டி வாங்கியாயிற்று என்று அவள் முன்பு வந்து சொன்னபோது நல்லது என்று சொன்னது தான்தான் என்று ஒத்துக்கொண்டார். வண்டி என்றால் கார் மாதிரி எதையோ நினைத்தேன் என்றார். காற்றடைக்காத முழு ரப்பர் டயர், ஸ்ப்ரிங் கிடையாது, நாள் முழுக்க இடுப்பைத் திருப்பிக்கொண்டே ஓட்ட வேண்டும் என்று அவள் விவரித்தபோது அவர் பேனாவைக் கீழே வைத்தார். பெட்டி தூக்குவதற்குப் பதிலாகப் பெட்டி குலுங்குகிற மாதிரி இவர் குலுங்கியிருக்கிறார், இரண்டும் ஒன்றுதான், இனி அதில் ஏறக்கூடாது என்றார். அவளுக்கு அங்கேயே சிரிப்பு வந்துவிட்டது. அழுகையாகவும் இருக்கலாம். வாசல் உயரத்திலிருந்து கரண்ட் வரை எல்லாவற்றையும் அளந்தார்கள். யாருக்காக வாங்கினார்களோ அவர் அதில் உட்கார முடியுமா என்று யாரும் அளக்கவில்லை.

எறும்பு வண்டியை விற்றுவிடலாம் என்றார். வியாபாரியைக் கேட்டபோது பாதி விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அந்தப் பாதிக்கு நாலு ஆள் போடலாம் என்று எறும்பு மறுபடி தொடங்கினார். அவள் முறைத்த முறைப்பில் பேச்சு அதோடு நின்றது.

அப்புறம் சம்பளத்துக்கு ஓர் ஓட்டுநரைப் போட்டார்கள். நல்ல வேலைக்காரன். முட்டையை வைக்கிற மாதிரிப் பேலட்டை வைப்பான். எறும்புக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வண்டி போகிற இடமெல்லாம் பக்கத்திலேயே நடந்தார். இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் என்பார். பேலட் கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தால் தோளைக் கொடுத்துத் தள்ளுவார். தட்டிலிருந்து நழுவின பெட்டியைக் குனிந்து பிடிக்கப் போவார். ஓட்டுநர் வண்டியை நிறுத்தி நிறுத்தி, முதலாளி தள்ளி நில்லுங்க என்று கெஞ்சுவான். தள்ளுவார், மறுபடி வருவார். ஒரு நாள் அந்தப் பையன் சாவியைக் கொண்டுவந்து கல்லாவில் வைத்துவிட்டான்.

“அக்கா, வண்டி ஓட்ட எனக்குத் தெரியும். முதலாளியை ஓட்டத் தெரியாது. இவர் மேல ஏத்திட்டு நான் ஜெயில்ல போய் உக்கார முடியாது.”

அவனைக் குற்றம் சொல்ல அவளால் முடியவில்லை. வேறொருவனைப் போட்டாலும் இதையேதான் சொல்லுவான். கூலிக்கு வந்தவன் முதலாளியைப் பார்த்து வெளியே போ என்று எப்படிச் சொல்லுவான்? சொல்லக்கூடிய ஆள் அந்தக் கிடங்கில் ஒரே ஒருத்திதான். அவள் சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு நெட்டையின் மச்சானைக் கூப்பிட்டு மஞ்சள் பெயிண்ட் வாங்கிவரச் சொன்னாள்.

முற்றத்தின் ஓரத்தில், கல்லாவுக்கு முன்னால், ஒரு கோடு போட்டார்கள். வண்டி ஓடும்போது அந்தக் கோட்டுக்கு அப்பால் யாரும் கால் வைக்கக்கூடாது என்று அவள் சொன்னாள். பொதுவாகத்தான் சொன்னாள். எல்லோரும் ஒருவரையே பார்த்தார்கள்.

கல்லாவை யார் பார்ப்பது என்று எறும்பு கேட்டார். நீங்கள் என்றாள். அது உட்காருகிற வேலையாயிற்றே என்றார். நின்றுகொண்டே பாருங்கள், யார் வேண்டாமென்றது என்றாள். நாத்தனாருக்குச் செய்தி போய், வயது ஐம்பதைத் தாண்டினவள் கிரேன் ஓட்டப்போகிறாளாமே என்று ஃபோனில் கேட்டாள். கிரேன் இல்லை அண்ணி, அதில் பாதிதான், வேண்டுமானால் வாருங்கள், ஒரு சுற்று ஏற்றிக் காட்டுகிறேன் என்றாள். ஃபோன் வைக்கப்பட்டது.

சொன்னபோது இருந்த தைரியம் இருக்கையில் உட்கார்ந்தபோது இல்லை. லாரி வந்து நின்றிருந்தது. கனமான தரை டைல்ஸ். மேலே நெட்டையும் மச்சானும். இரண்டு பேரும் அவளைவிடப் பயந்திருந்தார்கள், அதைக் காட்டாமலிருக்க அநியாயத்துக்குச் சிரித்தார்கள். அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகினாள். இரும்புக் கைகளை மரத்தட்டுக்குள் நுழைத்தாள். உரசியது. வெளியே இழுத்து மறுபடி நுழைத்தாள். தூக்கினாள். பேலட் மேலே எழும்பியபோது வண்டியின் உடம்பு முழுக்க ஒரு முனகல் ஓடி அவள் முதுகில் ஏறியது. அடப்பாவி, இதன்மேலா உட்கார்ந்திருந்தார் என்று நினைத்தாள்.

சரக்கை வண்டிப்பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, இடுப்பைத் திருப்பித் தோளுக்குமேல் பின்னால் பார்த்தாள்.

எறும்பு கோட்டைத் தாண்டி, வண்டி போகிற பக்கத்தில் நின்றார்.

வண்டியை நிறுத்தினாள்.

“தள்ளி நில்லுங்க.”

ஓரப் பெட்டி ஒன்று உறை கிழிந்து வெளியே வந்திருக்கிறது, விழப்போகிறது, தான் ஒரு கை கொடுத்துத் தள்ளிவிட்டுப் போய்விடுகிறேன் என்றார். சொல்லும்போதே ஓர் எட்டு வைத்தார். அவள் சாவியைத் திருப்பினாள். வண்டி அடங்கியது. சாவியை உருவி மடியில் வைத்துக்கொண்டாள்.

“என்ன பண்ற?”

“ஒண்ணும் பண்ணல. நீங்க போனதும் பண்றேன்.”

“விழுந்துடும்டி.”

“விழட்டும்.”

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். இன்னும் இரண்டு இடத்துக்குப் போக வேண்டும், குடும்பச் சண்டையை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று தலையை வெளியே நீட்டிக் கேட்டார். இதுதாங்க வீடு என்று நெட்டை மேலேயிருந்து பதில் சொன்னான். எறும்பு பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். விரல்கள் விரிந்து விரிந்து மூடின. பெட்டி இன்னும் கொஞ்சம் நழுவியது. அவர் உடம்பு தானாக முன்னே சாய்ந்தது.

“ஒரு பெட்டிதானே,” என்றார். இந்தத் தடவை அவளிடம் சொன்ன மாதிரி இல்லை.

“உங்களை இந்த முற்றத்துலேருந்து நாலு பேர் தூக்கிட்டுப் போறதை நான் இந்த சீட்டுல உக்காந்து பாக்கணுமா? சொல்லுங்க. பாக்கணும்னா சாவி போடறேன்.”

மறுபடி ஹாரன். எறும்பு அங்கேயே நின்றார். நெட்டை லாரியின்மேல் உட்கார்ந்து கன்னத்தில் கைவைத்துக்கொண்டான். பிறகு எறும்பு திரும்பினார். பட், பட் என்று நடந்தார். கோட்டைத் தாண்டுவதற்குமுன் ஒரு தரம் நின்றார். தாண்டினார். அந்தப்பக்கம் நின்று, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டினார், அவிழ்த்தார், மார்பில் கட்டினார், அதையும் அவிழ்த்தார்.

“நெட்டை,” என்றார். “எறங்கி வந்து அந்த ஓரப் பெட்டியை உள்ள தள்ளு. குலுக்காதே. அப்படியே தள்ளு.”

நெட்டை குதித்து வந்து தள்ளினான். தள்ளிவிட்டு, கேட்காமலே கோட்டுக்கு அந்தப்பக்கம் போய் முதலாளி பக்கத்தில் நின்றுகொண்டான். அவள் சாவியைப் போட்டாள். தோளுக்குமேல் பார்த்தபடி பின்னால் வந்தாள். எறும்பு தன்னை அறியாமல் இடது கையைத் தூக்கி வா, வா என்று இடப்பக்கமாக அசைத்தார். அது தவறான பக்கம். அவள் அவரைக் கேட்காமல் தன் கண்ணை நம்பி வலப்பக்கம் ஒடித்தாள்.